வெளியே நிற்பவரின் சம்பளம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பொடியனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் குட்டியும் நன்றாக இருக்கிறோம். என் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. துணிக்கடையில் பில் போடுகிறவள் உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "ம்", "சரி", "பார்க்கலாம்" என்று மூன்று வார்த்தையில் ஆளைக் கழற்றிவிடுகிறாய். கடிதம் போட்டால் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்!

நீ தீயணைப்பு ஸ்டேஷன் மேற்பார்வையாளர் ஆகிவிட்டாய் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். துணி எடுக்க வந்த ஒரு அம்மாவிடமும் சொன்னேன். அவர் பாவம், மீதிச் சில்லறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் போனில் நீ சொன்னாயே, "குட்டி படிப்பு இனிமே என் பொறுப்புக்கா" என்று. நான் போனைக் குட்டி கையில் கொடுத்துவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம். உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்பு, இரண்டு வருடம். விண்ணப்பம் போட்டுவிட்டோம். நிஜமாகத்தான் சொன்னாயா? இப்போதே சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பொடியனுக்கு என் முத்தம்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சௌக்கியம். உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

நிஜமாகத்தான் சொன்னேன். சேர்த்துவிடு.

வேலை பழகிக்கொண்டிருக்கிறது. தனி அறை, தனி மேசை, கதவில் ஒரு பலகை. சிவப்பு ஹெல்மெட் போய் வெள்ளை ஹெல்மெட் வந்திருக்கிறது. பெல் அடித்தால் முன்னால் பாய்ந்து ஓடித்தான் பழக்கம். இப்போது வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். போன வாரம் ஒரு பேக்கரியில் தீ. பழக்க தோஷத்தில் உள்ளே போகக் கால் எடுத்தேன். நெட்டையன் தோளைப் பிடித்து நிறுத்தி, "சார், நீங்க வெளிய" என்றான். அவனும் நானும் ஒன்றாக வேலையில் சேர்ந்தவர்கள். அவன் வாயால் "சார்" கேட்பது கூச்சமாக இருக்கிறது.

தீயை அணைத்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் மேற்பார்வையாளர்தான் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்காத வழக்கம். பத்து வருடமாக நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இப்போது பதில் செய்கிறேன்.

முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. வந்ததும் குட்டியின் முதல் தவணையை அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

பணம் வந்து சேர்ந்தது. நீங்கள் எல்லோரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

குட்டி சேர்ந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். "மாமாவுக்கு வெள்ளை ஹெல்மெட், எனக்கு வெள்ளைக் கோட்டு" என்கிறாள். ஊசியைக் கண்டால் ஓடுகிறவள் பிறத்தியார் கையில் ஊசி குத்தப் போகிறாளாம்!

பணத்தோடு ஒரு வரி எழுதக் கூடாதா? அதிகாரி ஆனதும் பேனா கனக்கிறதோ? முதல் சம்பளம் வாங்கிய கதையைச் சொல்லவே இல்லையே. உன் வீட்டுக்காரிக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய்? சும்மா கையை வீசிக்கொண்டு போயிருந்தால் சொல், அங்கே வந்து உதைக்கிறேன்.

என் கால் பரவாயில்லை. பொடியன் சரியாகச் சாப்பிடுகிறானா?

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகம்தானே நீங்களும்? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வெயில் காலம், பெல் ஓய்வதில்லை. காய்ந்த புல், குப்பைமேடு, மரக்கடை என்று தினம் ஒன்று.

ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள். ஓவர்டைமும் நன்றாக வருகிறது அவர்களுக்கு. நெட்டையன் புது மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். என்னை ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். நல்ல வண்டி.

குட்டியை நன்றாகப் படிக்கச் சொல். இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் தம்பி


மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பதாக நீ எழுதியிருக்கிறாய், அதனால் நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

உன் கடிதம் ஒரு உள்ளங்கை அளவு. அதிலும் பாதி நெட்டையனின் மோட்டார் சைக்கிள். உனக்குக் கீழே வேலை செய்கிறவன் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான், நீ இன்னும் அந்தப் பழைய சைக்கிளைத்தான் மிதிக்கிறாயா? அதிகாரிக்கு ஒரு கெத்து வேண்டாமா? எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்து என்ன செய்யப் போகிறாய், கஞ்சப்பிசினாரி!

உறையைப் பிரித்ததும் மடியில் ஏதோ வெள்ளைப் பொடி கொட்டியது. முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டுதான் கடிதம் எழுதுகிறாயா? குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்தோம், ஆனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டபோது பேச விடாமல் இருமினாயே, அது என்ன இருமல்? புகை குடித்த இருமலை எனக்குத் தெரியும், பத்து வருடமாகக் கேட்டிருக்கிறேன். இது வேறு மாதிரி, வறட்டு இருமல். நீதான் இப்போது வெளியே நிற்கிறவனாயிற்றே. டாக்டரிடம் போ. போய்விட்டு எழுது.

உன் அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் தேவலை. ஸ்டேஷன் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அந்தச் சுண்ணாம்புதான் பொடி.

சைக்கிள் மிதித்தால் உடம்புக்கு நல்லது.

இரண்டாம் தவணை எப்போது என்று எழுது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகக் கேட்கிறேன்.

தவணை ஆகஸ்ட் கடைசியில் என்று ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் போட்டால் உன் வீட்டுக்காரி எடுக்கிறாள். காலையில் போட்டால் "வெளிய போயிருக்கார் அண்ணி." மாலையில் போட்டால் "தூங்குறார் அண்ணி." டியூட்டி இல்லாத நாளில் விடிவதற்கு முன்னால் எங்கே போகிறாய்? விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்குகிறவனா நீ? சின்ன வயதில் உன்னைப் படுக்க வைப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

என் மேல் ஏதாவது கோபமா? குட்டி படிப்பு விஷயத்தில் உன் வீட்டில் வாய்த்தகராறு ஆகிவிட்டதா? அப்படியென்றால் ஒரு வரி போடு. நான் பெண்ணைப் பெற்றவள், மானம் பார்க்க மாட்டேன். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கவும் மாட்டேன்.

பதில் போடு, தம்பி.

உன் அக்கா


ஜூலை 26

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. பொடியன் நலம். உங்கள் தம்பியைப் பற்றி நலம் என்று எழுதக் கை வரவில்லை.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் திட்டுவார், திட்டட்டும்.

பதவி உயர்வில் அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் ஓவர்டைமும் ஆபத்துப்படியும் தீக்குள் போகிறவர்களுக்குத்தான். மேற்பார்வையாளர் வெளியே நிற்கிறவர், அதிகாரி. எத்தனை மணி நேரம் நின்றாலும் அவருக்கு அது கிடையாது. முதல் மாதம் கையில் வந்தது பழைய சம்பளத்தைவிடக் குறைவு. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "எல்லா மேற்பார்வையாளரும் முதல் மாசம் இங்கதான் வந்து நிப்பாங்க, சார்" என்று சிரித்தார்களாம். அதில்தான் ஆட்களுக்குச் சாப்பாடும், புது யூனிபார்மும்.

அதற்கு முன்பே குட்டி விஷயத்தில் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். "அக்காகிட்ட எப்படிச் சொல்றது, ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா" என்றார். மார்ச்சிலிருந்து ஒரு பட்டறையில், தீயணைக்கும் சிலிண்டர்களுக்குப் பவுடர் நிரப்பும் வேலைக்குப் போகிறார். டியூட்டி இல்லாத நாள் முழுக்க; டியூட்டி நாளில் விடியற்காலையில். உங்கள் மடியில் கொட்டியது அந்தப் பவுடர். இருமலும் அதனால்தான்.

இதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன், அண்ணி. கஷ்டப்படாத குடும்பம் எது?

தீக்குள் போகிறவர்கள் தங்கள் பெயர் பொறித்த டோக்கனை மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெளியே வந்ததும் வாங்கிக்கொள்வார்கள். அவர் கையில் டோக்கன் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். போன மாதக் கடைசியில் ஒரு மெத்தை குடோனில் தீ. மத்தியான வேளை. இவர் பட்டறையிலிருந்து நேராக டியூட்டிக்குப் போனவர். நின்றபடியே கண் அசந்துவிட்டது. "எல்லாரும் வந்தாச்சா சார்?" என்று யாரோ கேட்டதும் "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டார். தண்ணீரை நிறுத்தி, குழாயை வெளியே இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். புகைக்குள் கண் தெரியாது. அந்தக் குழாயைத் தடவிக்கொண்டுதான் வாசலுக்கு வர வேண்டும். நெட்டையன் உள்ளே இருந்தார்.

குழாய் நகர்வதைப் பார்த்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். குழாயோடு தரையில் இழுபட்டு வெளியே வந்தார். முழங்கையில் தீக்காயம், பெரிதாக ஒன்றுமில்லை. இவருடைய கையை விரித்துத் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு, "தூக்கம் வருது போல, டீ குடிங்க சார்" என்று மட்டும் சொன்னாராம். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. குழாயை இழுத்தவர்கள், அவர் கடைசியாக வந்தார் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இவர் அன்றைய அறிக்கையில் எல்லோரும் வந்த பிறகே குழாய் எடுக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உண்மையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். கொடுத்தால் சஸ்பெண்ட் ஆகும், பாதிச் சம்பளம்தான் வரும், குட்டியின் தவணை நின்றுவிடும் என்கிறார். மறுபடி பட்டறைக்குப் போகிறார், மறுபடி தூங்காமல் டியூட்டிக்குப் போகிறார். அடுத்த தடவை என்ன ஆகுமோ. அவர் உங்கள் பேச்சைக் கேட்பார்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
தம்பி மனைவி


ஜூலை 31

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை, எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரியை ஒரு வார்த்தை சொன்னாயோ, தொலைத்துவிடுவேன். உனக்கு அவள் கிடைத்தது நீ செய்த புண்ணியம்.

எழுதிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் எழுது.

சுண்ணாம்பு என்று எழுதினாயே, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! என் மேலும்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதிகாரி என்றதும் பணம் கொட்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன்னைக் கஞ்சன் என்று வேறு எழுதினேன். அந்த வரியை எழுதின கையை என்ன செய்தால் தகும்?

நெட்டையன் வீட்டிலும் யாராவது அக்கா இருப்பாள். குட்டி படிப்புக்காக இன்னொருத்தி வீட்டில் இழவு விழ வேண்டுமா? குட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் வெள்ளைக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "படிப்பு எங்கயும் ஓடிப் போகாதும்மா. மாமாவ முதல்ல தூங்கச் சொல்லு" என்றாள். அந்தப் படிப்பையே மாலை வகுப்பில் மூன்று வருடமாகப் படிக்கலாம், கட்டணம் பாதி. காலையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். பட்டறைப் பக்கம் இனி நீ தலைவைத்துப் படுக்கக் கூடாது.

உன் அக்கா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் குறைந்திருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். இதில் பொய் இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டறை வேலையையும் சேர்த்துத்தான் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "யாருக்குமே தெரியாதேய்யா, எதுக்கு வலியப் போய்த் தலையைக் கொடுக்கிற?" என்றார். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது.

நெட்டையன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டான். "நான் கேட்டேனா? நான் புகார் பண்ணேனா?" என்று கத்தினான். பிறகு திண்பண்டப் பொட்டலத்தைப் பொடியன் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முழங்கையில் தழும்பு இருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பலகையும் வெள்ளை ஹெல்மெட்டும் இல்லை. உள்ளே இருக்கிறவனுக்குச் சுவர் எப்போது விழும் என்று தெரியாது. வெளியே நிற்கிறவனுக்குத் தெரியும். மரக்கடைத் தீயில் கூரை உள்வாங்குவதைப் பார்த்து எல்லோரையும் நான்தான் வெளியே கூப்பிட்டேன். அதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். பணத்தைப் பற்றிக் கேட்பாயோ என்று எழுதவில்லை.

குட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


செப்டம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் நாளே நாலு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு வந்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாமாம், மாமா முழுதாக இருந்தால் போதுமாம்.

மரக்கடைக் கதையைக் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். சஸ்பெண்ட் ஆனதையும் சொன்னேன், ஏன் ஆனது என்பதையும் சொன்னேன். நீ வெட்கப்படுவாய் என்று தெரியும். நான் வெட்கப்படவில்லை.

என்ன முடிவு வந்தாலும் உடனே எழுது.

உன் அக்கா


நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் இருவரையும் தினம் பேசிக்கொள்கிறோம்.

விசாரணை முடிந்தது. தண்டனையாக என்னைப் பழைய பதவிக்கே இறக்கிவிட்டார்கள். மேலதிகாரி உத்தரவை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு படித்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். பழைய பதவியின் முதல் சம்பளம் வந்தது. ஓவர்டைமும் ஆபத்துப்படியும் சேர்ந்து, மேற்பார்வையாளராக வாங்கியதைவிட அதிகம். தண்டனை கொடுத்த பிறகு எனக்குச் சம்பளம் கூடிவிட்டது, அக்கா! உன் தம்பி மனைவியிடம் சம்பளச் சீட்டைக் காட்டினேன். சிரிக்கத் தொடங்கினாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் இடத்துக்கு வேறு மூன்று பேரைக் கேட்டார்கள். மூன்று பேருமே கும்பிடு போட்டுவிட்டார்கள். நெட்டையனையும் கேட்டார்கள். "பிள்ளை குட்டிக்காரன் சார், பதவியெல்லாம் கட்டுப்படியாகாது" என்றானாம். அறை பூட்டிக் கிடக்கிறது.

நேற்று மத்தியானம் ஒரு பெயின்ட் கிடங்கில் தீ. மேற்பார்வையாளர் இல்லை. நானும் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற நெட்டையன் திரும்பி, தன் டோக்கனை என் கையில் வைத்தான்.

"டேய், நான் இப்ப சார் இல்லடா" என்றேன்.

"தூங்கினீங்களா?"

"எட்டு மணி நேரம்."

"அப்ப நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வெளியே நின்றேன். தீ பின்கூரைக்கு ஏறுவதைப் பார்த்ததும் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துத்தான் டோக்கனைக் கொடுத்தேன். கடைசியாக வந்த நெட்டையன் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, என் விரல்களைப் பிரித்து, உள்ளங்கை காலியாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகுதான் நான் குழாயை இழுக்கச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. வெளியே நின்ற அந்த மூன்று மணி நேரத்துக்கும் எனக்கு ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள்.

உன் தம்பி